எல்லா ரத்தப் புற்றுக்கும் ஒரே ஊசியா? டி செல் சோர்வும் செக்பாயின்ட் மருந்துகளும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு வீட்டில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், அந்தக் குடும்பம் சில நாட்களுக்குள் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கோ வேலூருக்கோ கிளம்பிவிடும். கையில் ரிப்போர்ட் கட்டு இருக்கும். போனில் சொந்தக்காரர்கள் அனுப்பிய வீடியோக்கள் இருக்கும். அந்த வீடியோக்களில் இப்போது அதிகம் அடிபடும் பெயர் இம்யூனோதெரபி. உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குப் போட்டிருக்கும் தடையை எடுத்துவிட்டால் புற்று தானாகக் கரைந்துவிடும் என்று ஒருவர் அடித்துச் சொல்வார். "எங்க அண்ணனுக்கும் அந்த ஊசியப் போட்டா என்ன?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அண்ணனுக்கு வந்திருப்பது எந்த ரத்தப் புற்று என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறும். நிணநீர்க் கணுவில் வரும் புற்றான லிம்போமாவில் ஒரு வகை ஹாட்ஜ்கின். அது திரும்பி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த மருந்து கேட்கிறது. இன்னொரு வகையான ஃபாலிகுலர் லிம்போமாவில் நூறில் நாலு பேருக்குத்தான் கேட்டது. மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமாவில் இதே வகை மருந்தைச் சேர்த்துக் கொடுத்த குழுவில் சாவு கூடியதால் சோதனையையே நிறுத்தினார்கள். ஒரே மருந்துக்கு ஏன் இத்தனை முகம் என்று புரிய, டி செல் எப்படி விழிக்கிறது, எப்படி அடங்குகிறது, எப்படிச் சோர்ந்துபோகிறது என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வீடியோக்கள் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன.

டி செல் எப்படி விழிக்கிறது

வெள்ளையணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை உண்டு. அதில் ஒரு பிரிவு டி செல். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பக்குவப்பட்டு வெளியே வரும். இதில் சிடி8 வகை, கெட்டுப்போன செல்லை நேரடியாகக் கொல்லும். சிடி4 வகை மற்ற செல்களுக்கு உத்தரவும் உதவியும் கொடுக்கும். சில நேரம் அதுவும் கொல்லும்.

நம் உடம்பின் செல்கள் உள்ளே தயாராகும் புரதங்களின் சிறு துண்டுகளை எச்எல்ஏ என்ற புரதத்தில் ஏந்தி வெளியே காட்டிக்கொண்டே இருக்கின்றன. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன் அண்ணன் தம்பி, அக்கா தங்கையின் ரத்தத்தைப் பொருத்திப் பார்க்கிறார்களே, அது இந்த எச்எல்ஏ-யைத்தான். வைரஸ் புகுந்த செல் வைரஸின் துண்டைக் காட்டும். புற்றுச் செல், மரபணு மாறியதால் உருவான புதுப் புரதத்தின் துண்டைக் காட்டும். டி செல் தன் ஏற்பியால் அதைத் தடவிப் பார்க்கிறது. பொருந்தினாலும் உடனே பாய்ந்துவிடாது. அதற்கு மூன்று சைகைகள் சேர்ந்து வர வேண்டும்:

1. டி செல்லின் ஏற்பி, எச்எல்ஏ ஏந்தி நிற்கும் துண்டோடு பொருந்த வேண்டும்.
2. டி செல் மேல் இருக்கும் சிடி28 என்ற புரதம், எதிரே இருக்கும் செல்லின் சிடி80 அல்லது சிடி86 புரதத்தைப் பிடிக்க வேண்டும்.
3. சுற்றுப்புறத்தில் இருந்து சைட்டோகைன் எனப்படும் ரசாயனத் தூது வர வேண்டும்.

முதல் சைகை மட்டும் வந்து இரண்டாவது வராவிட்டால் டி செல் மரத்துப்போய் நின்றுவிடும். இதற்கு அனர்ஜி என்று பெயர். வயதாகி, இனிப் பிளக்கவே முடியாத நிலைக்கு வரும் டி செல்லும் உண்டு, அது முதுமை. இரண்டும் நாம் பேசப்போகும் சோர்வு அல்ல.

செக்பாயின்ட்: அடங்கச் சொல்லும் புரதங்கள்

விழித்த டி செல் அடங்காமலே போனால் ஆபத்து. சிடிஎல்ஏ-4 என்ற ஒரே ஒரு புரதம் இல்லாமல் வளர்த்த எலிகள், பிறந்து மூன்று நான்கு வாரங்களிலேயே செத்துப்போயின. அவற்றின் டி செல்களே பெருகி இதயம், கணையம் என்று உறுப்புகளுக்குள் புகுந்துவிட்டன. டி செல்லை அளவோடு நிறுத்தும் இந்தப் புரதங்களைத்தான் இம்யூன் செக்பாயின்ட் என்கிறார்கள். இவை நோய் அல்ல. புற்று தன் வசதிக்கு இவற்றைப் பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதில் இரண்டு பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். சிடிஎல்ஏ-4, பெரும்பாலும் நிணநீர்க் கணுவில், டி செல் விழிக்கும் கட்டத்தில் குறுக்கிடும். சிடி28 பிடிக்க வேண்டிய சிடி80, சிடி86 புரதங்களை இது முந்திக்கொண்டு பிடிக்கும். பிடி-1 வேலை செய்வது பெரும்பாலும் அதற்குப் பிறகு, டி செல் நோய் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பின். எதிரே இருக்கும் செல்லில் பிடி-எல்1 அல்லது பிடி-எல்2 இருந்து, அது பிடி-1ஐத் தொட்டால், டி செல்லுக்கு உள்ளே ஓடும் விழிப்புச் சைகை அணைக்கப்படும். லேக்-3, டிம்-3, டிஜிட் என்று இன்னும் சில உண்டு.

பிடி-1ஐ 1992-ல் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் குழு கண்டுபிடித்தது. சிடிஎல்ஏ-4ஐ மறித்தால் எலிகளில் கட்டி கரைகிறது என்று அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன் குழு 1996-ல் காட்டியது. இருவருக்கும் 2018-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. இந்தப் புரதங்களை மறிக்கும் ஆன்டிபாடி மருந்துகளில் சிடிஎல்ஏ-4ஐ மறிக்கும் இபிலிமுமாப் 2011-லும், பிடி-1ஐ மறிக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மூன்றும் முதலில் வந்தது மெலனோமா என்ற தோல் புற்றுக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். வெயிலில் அடிபட்ட தோல் செல்லில் மரபணு மாற்றங்கள் ஏராளம். அதனால் டி செல் அடையாளம் காண ஏராளமான துண்டுகள் வெளியே தெரியும். ரத்தப் புற்றில் நிலைமை அப்படி இல்லை.

சோர்வு என்பது வேறு சமாச்சாரம்

செக்பாயின்ட் என்பது வெளியில் இருந்து வரும் தடை. சோர்வு, டி செல்லுக்கு உள்ளேயே நடக்கும் மாற்றம். இதை முதலில் பார்த்தது புற்றில் அல்ல, வைரஸில். நாட்பட்ட வைரஸ் தொற்றுள்ள எலிகளில் டி செல்கள் கூட்டமாக இருந்தும் ஒரு வேலையும் செய்யாமல் நிற்பதை, ஹைதராபாத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்யும் ரஃபி அகமதுவின் குழு 1998-ல் வெளியிட்டது. அந்தச் செல்களில் பிடி-1 நிறைய இருக்கிறது, அதை மறித்தால் ஓரளவு வேலைக்குத் திரும்புகின்றன என்று அதே ஆய்வுக்கூடத்தில் இருந்து 2006-ல் தகவல் வந்தது.

சளிக் காய்ச்சல் வைரஸ் ஒரு வாரத்தில் போய்விடும். டி செல்லும் வேலையை முடித்து, கொஞ்சம் பேரை நினைவுச் செல்களாக விட்டுவிட்டுக் கலைந்துவிடும். நோய் போகாமல் மாதக்கணக்கில் கண்முன்னே நின்றால்தான் சிக்கல். முதல் சைகை ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். அப்போது டி செல் திறன்களை ஒன்றன்பின் ஒன்றாக இழக்கிறது. முதலில் ஐஎல்-2 என்ற சைட்டோகைனைச் சுரக்கும் திறனும், பெருகும் திறனும் போகும். அப்புறம் டிஎன்எஃப் என்ற இன்னொரு சைட்டோகைன். கடைசியில் இன்டர்ஃபெரான் காமா. அதன் பிறகு செல்லே மடிந்துபோகும்.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தை விலை ஏறியிருக்கிறது என்று தினமும் வெட்டி, மருந்தும் தடவினால் சிரட்டை முதலில் நிறையும். கொஞ்ச நாளில் வெட்டுக்கோட்டில் ஒரு பகுதியில் பால் வராது. பிறகு கோடு முழுக்கக் காய்ந்துவிடும். மரம் பச்சையாகத்தான் நிற்கும். இதில் இரண்டு நிலை உண்டு. சில மரங்களுக்கு வெட்டை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் பால் திரும்பும். பட்டை பழுப்பேறி வெடித்துவிட்ட மரத்துக்கு எத்தனை மாதம் ஓய்வு கொடுத்தாலும் அந்தப் பட்டையில் பால் வராது.

டி செல் சோர்விலும் அதே இரண்டு நிலை. டிசிஎஃப்-1 என்ற புரதம் இன்னும் இருக்கும் செல்கள் முன்நிலைச் சோர்வில் இருப்பவை. அவற்றால் இன்னும் பெருக முடியும். அது போய், டாக்ஸ் என்ற புரதத்தின் பிடியில் முழுசாக விழுந்தவை முற்றிய சோர்வில் இருப்பவை. பிடி-1 மருந்து கொடுத்தால் எழுந்து வருவது பெரும்பாலும் முதல் கூட்டம்தான் என்று 2016-ல் தெளிவானது. முற்றியவற்றில் எந்த மரபணு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்ற ஏற்பாடே மாறிப்போய்விடுகிறது. தடையை எடுத்தாலும் அந்த ஏற்பாடு பழையபடி ஆவதில்லை. மருந்து கேட்டுப் பிறகு மறுபடி நோய் திரும்புவதற்கு இது ஒரு காரணம்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். ரிப்போர்ட்டில் 'பிடி-1 பாசிட்டிவ்' என்று இருந்தால் டி செல் சோர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இப்போதுதான் விழித்த, நல்ல திடமான டி செல்லிலும் பிடி-1 இருக்கும். பல செக்பாயின்ட் புரதங்கள் ஒன்றாகச் சேர்ந்து, நீண்ட நாள் நிலைத்து, கூடவே வேலைத்திறனும் குறைந்திருந்தால்தான் அது சோர்வு. நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா, அதாவது வெள்ளையணுப் புற்றில் ஒரு வகையான சிஎல்எல் நோயாளிகளின் டி செல்களைச் சோதித்து 2013-ல் வெளிவந்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். சோர்வின் அடையாளங்கள் மேலே இருந்தன, கொல்லும் திறன் குறைந்திருந்தது, ஆனால் சைட்டோகைன் சுரப்பு குறையவில்லை. பாதிச் சோர்வு, பாதி வேறு ஏதோ.

ரத்தப் புற்றில் கணக்கு ஏன் மாறுகிறது

1. குடலிலோ நுரையீரலிலோ வரும் கட்டியை டி செல் தேடிப் போக வேண்டும். ரத்தப் புற்றில் நோய்ச் செல்லும் அதே குடும்பம்: பி செல், டி செல், அல்லது மஜ்ஜையின் மற்ற வெள்ளையணு. நிணநீர்க் கணு, மண்ணீரல், மஜ்ஜை என்று டி செல் விழிக்கவும் வளரவும் வேண்டிய இடங்களிலேயே அது குடியிருக்கிறது. சிஎல்எல் போன்ற நோய் சிகிச்சை தேவைப்படாமலே ஆண்டுக்கணக்கில் உடம்பில் இருக்கும். அத்தனை ஆண்டுகளும் டி செல்லுக்கு ஓய்வு இல்லை.

2. பல லுகேமியாக்களில் மரபணு மாற்றங்கள் குறைவு. மெலனோமாவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. காட்டிக்கொடுக்கும் துண்டுகளும் குறைவு. தடையை எடுத்தாலும் எதைப் பார்த்துப் பாய்வது என்பது டி செல்லுக்குத் தெரியாது.

3. நோய்ச் செல் எச்எல்ஏ-யையே மறைத்துவிடுகிறது. அக்யூட் மைலாய்ட் லுகேமியாவுக்கு மஜ்ஜை மாற்றிய பிறகு நோய் திரும்பியவர்களில் பலருக்கு, திரும்பி வந்த செல்லில் எச்எல்ஏ-யின் இரண்டாம் வகுப்புப் புரதங்கள் (சிடி4 செல் பார்ப்பது இவற்றைத்தான்) அடங்கிப்போயிருந்தன. கொடையாளியின் டி செல்கள் வேலையாக இருந்தும் எதிரி கண்ணில் படவில்லை. இது சோர்வே அல்ல. ஆனால் வெளியில் இருந்து பார்த்தால் சோர்வு போலவே தெரியும்.

4. நாம் கொடுக்கும் மருந்தே டி செல்லை அடிக்கிறது. ஃப்ளூடாரபின், பெண்டாமஸ்டின் என்ற கீமோ மருந்துகள் இரண்டும் லிம்போசைட் எண்ணிக்கையை நீண்ட காலத்துக்குக் குறைப்பவை.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும்: மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் கதிர்வீசும் தோரியம்தான் இதற்கெல்லாம் காரணமா? அதே போன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. மணல் அள்ளுவதால் கடலோரத்துக்கும் குடிநீருக்கும் என்ன ஆகும் என்பது தனி வழக்கு, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நோய் எதனால் வந்தது என்பதை வைத்து டி செல் மருந்து கேட்குமா கேட்காதா என்று முடிவுகட்ட முடியாது.

ஹாட்ஜ்கினில் மட்டும் ஏன் இப்படிக் கேட்கிறது

ஹாட்ஜ்கின் லிம்போமா கட்டியில் இருந்து எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கண்ணில் படுவதில் பெரும்பகுதி நோய்ச் செல்லே அல்ல. டி செல், மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல், இயோசினோஃபில் என்று வந்து கூடிய எதிர்ப்புச் செல்களின் கூட்டம். அதன் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்: பெரிய உடம்பு, இரண்டு உட்கரு, ஒவ்வொன்றிலும் தடித்த நுண்கரு. மொத்தக் கட்டியில் இது ஒரு சதவீத அளவில்தான் இருக்கும். சுற்றிலும் இத்தனை டி செல் நின்றும் ஏன் இதைத் தொடவில்லை?

விடை ஒன்பதாவது குரோமோசோமில் இருந்தது. அதன் குட்டைக் கையில் 9பி24.1 என்ற இடத்தில் பிடி-எல்1, பிடி-எல்2 இரண்டின் மரபணுக்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. பக்கத்திலேயே ஜாக்2 மரபணு. அது பிடி-எல்1 உற்பத்தியை இன்னும் தூண்டும். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்களில் அநேகமாக எல்லா நோயாளிகளுக்கும் இந்தப் பகுதியின் நகல்கள் கூடிப்போயிருக்கின்றன. ஆக, இந்த நோய் தப்பிப்பதே பிடி-1 தடையை நம்பித்தான். அந்த ஒரு வழியை அடைத்ததும் நோய் தடுமாறுகிறது.

பல சிகிச்சைகள் தோற்ற 23 பேருக்கு நிவோலுமாப் கொடுத்துப் பார்த்த முதல் சோதனையில் 20 பேருக்குக் கட்டி சுருங்கியது. 2015-ல் இது வெளியானபோது ரத்தப் புற்று மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2016-ல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. அதைவிட முக்கியமான முடிவு 2024-ல் வந்தது: முற்றிய நிலை ஹாட்ஜ்கினுக்கு முதல் சிகிச்சையிலேயே கீமோவுடன் நிவோலுமாப் சேர்த்தபோது, இரண்டு ஆண்டுகள் நோய் கூடாமல் இருந்தவர்கள் 92 சதவீதம். ஒப்பீட்டுக்கு வைத்த, அதுவும் புதிதான, பிரென்டுக்சிமாப் சேர்த்த சிகிச்சையில் 83 சதவீதம்.

ஆனாலும் இந்த வெற்றியை 'சோர்ந்த கொலைச் செல்கள் எழுந்து வந்து கொன்றன' என்று எளிமையாகச் சொல்லிவிட முடியாது. பல ஹாட்ஜ்கின் நோயாளிகளின் நோய்ச் செல்லில் எச்எல்ஏ முதல் வகுப்பே இல்லை. சிடி8 செல் பார்க்க வேண்டியது அந்த வகுப்பைத்தான். மருந்து கேட்டதற்கும் இரண்டாம் வகுப்பு எச்எல்ஏ இருந்ததற்கும்தான் தொடர்பு தெரிந்தது. அப்படியானால் வேலை செய்வது சிடி4 செல்லாக இருக்கலாம், அல்லது சுற்றி நிற்கும் கூட்டத்திடம் இருந்து ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லுக்குக் கிடைத்துவந்த ஆதரவு அறுந்துபோவதாக இருக்கலாம். இம்யூனோதெரபியின் மிகப் பெரிய வெற்றிக் கதையே பாடப்புத்தக விளக்கத்துக்குள் அடங்கவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

மற்ற ரத்தப் புற்றுகளில்

மார்பின் நடுப்பகுதியில் வரும் முதன்மை மீடியாஸ்டைனல் பி செல் லிம்போமாவிலும் 9பி24.1 கோளாறு உண்டு. எதிர்பார்த்தபடியே பெம்ப்ரோலிசுமாப் 45 சதவீதம் பேருக்குக் கேட்டது. அதைத் தாண்டினால் எண்கள் சடசடவென்று சரிகின்றன. பரவலாகக் காணப்படும் டிஎல்பிசிஎல் என்ற பெரிய பி செல் லிம்போமாவில், நோயாளியின் சொந்தச் செல்லையே எடுத்துத் திருப்பி ஏற்றும் ஆட்டோ மஜ்ஜை மாற்றமும் தோற்றவர்களில் நிவோலுமாப் கேட்டது 10 சதவீதம், அந்த மாற்றத்துக்கே தகுதி இல்லாதவர்களில் 3 சதவீதம். ஃபாலிகுலர் லிம்போமாவில் 4. சிஎல்எல்-ல் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்த 16 பேரில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆனால் சிஎல்எல் வேகமான லிம்போமாவாக மாறிய 9 பேரில் 4 பேருக்குக் கேட்டது. ஒரே சோதனைக்குள் இந்த முரண்.

மைலோமா கதை கொஞ்சம் கசப்பானது. லெனலிடோமைடு, பொமலிடோமைடு போன்ற மாத்திரைகளே டி செல்லைத் தூண்டுபவை. கூடவே பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தால் பலன் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டார்கள். காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. ஒரு சோதனையில் பெம்ப்ரோலிசுமாப் சேர்த்த குழுவில் 29 பேரும் சேர்க்காத குழுவில் 21 பேரும் இறந்தார்கள். மற்றொன்றில் 19 பேரும் 9 பேரும். 2017 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டையும் நிறுத்தச் சொன்னது.

டி செல்லே புற்றாகும் நோயில் ஆபத்து நேரடியானது. அங்கே பிடி-1 என்பது நோய்ச் செல்லையே அடக்கி வைத்திருக்கும் தடை. எச்டிஎல்வி-1 வைரஸால் வரும் டி செல் லுகேமியா நோயாளிகள் மூன்று பேருக்கு நிவோலுமாப் ஒரே தவணை கொடுத்ததும் நோய் வேகமெடுத்ததாக 2018-ல் பதிவானது. 'தடையை எடுத்தால் நல்லது' என்ற வாசகத்தை எந்த நோய் என்று கேட்காமல் யாரும் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

டி செல்லை விட்டு மேக்ரோஃபேஜின் தடையான சிடி47ஐக் குறிவைத்த மக்ரோலிமாப் மருந்தும் மைலாய்ட் லுகேமியாவில் பலன் தரவில்லை. 2024-ல் ரத்தப் புற்றுகளில் அதன் சோதனைகள் கைவிடப்பட்டன.

கார்-டி: புது டி செல், பழைய சோர்வு

எச்எல்ஏ மறைந்துபோனால் என்ன செய்வது? டி செல்லுக்கு வேறு கண் வைத்துவிடுவதுதான் கார்-டி. நோயாளியின் ரத்தத்தில் இருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து, செயற்கை ஏற்பி ஒன்றின் மரபணுவை உள்ளே ஏற்றி, ஆய்வுக்கூடத்தில் பெருக்கித் திருப்பி ஏற்றுகிறார்கள். பி செல் மேல் இருக்கும் சிடி19 புரதத்தை இது எச்எல்ஏ துணையில்லாமலே பிடிக்கும். அமெரிக்காவில் முதல் கார்-டி 2017-ல் அனுமதி பெற்றபோது அறிவித்த விலை 4,75,000 டாலர். ஐஐடி பாம்பேயும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. மருந்தின் விலை சுமார் 40 லட்சம் ரூபாய் என்ற அளவில் பேசப்படுகிறது. அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டின் உச்சவரம்பு 5 லட்சம்தான். இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள்.

டி செல் சோர்வு இங்கேயும் விடுவதில்லை. செயற்கை ஏற்பிகள் எதிரியே இல்லாதபோதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செல்லுக்குள் சைகை அனுப்பிக்கொண்டிருந்தால், உடம்புக்குள் போகும் முன்பே செல் சோர்ந்துவிடும். ஏற்பியின் உள்வாலில் சிடி28 பகுதி இருந்தால் இந்தச் சோர்வு கூடுகிறது, 4-1பிபி பகுதி இருந்தால் குறைகிறது என்று 2015-ல் காட்டினார்கள். நெக்ஸ்கார்19-ல் இருப்பது 4-1பிபி.

இதில் நோயாளிக்கு நேரடியாக உதவும் விஷயம் ஒன்று இருக்கிறது. மூலப்பொருள் நோயாளியின் சொந்த டி செல். 2018-ல் சிஎல்எல் நோயாளிகளிடம் செய்த ஆய்வில், கார்-டி கேட்டவர்களிடம் எடுத்த செல்களில் நினைவுச் செல் தன்மை தூக்கலாக இருந்தது. கேட்காதவர்களிடம் சோர்வின் அடையாளங்கள் தூக்கலாக இருந்தன. அதாவது, பாதி முடிவு செல் எடுக்கும் நாளிலேயே ஆகிவிடுகிறது. செல் எடுப்பதற்கு முந்தைய மாதங்களில் பெண்டாமஸ்டின் வாங்கியவர்களுக்குக் கார்-டி பலன் குறைவதும் தெரியவந்துள்ளது. நமக்கு எங்கே கார்-டி எல்லாம் என்று நினைத்து எல்லாக் கீமோவும் முடிந்த பிறகு கேட்பதைவிட, லிம்போமா திரும்பியது என்று தெரிந்த உடனே, அடுத்த மருந்து தொடங்கும் முன், அந்தப் பேச்சை மருத்துவரிடம் எடுப்பது நல்லது. நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் தொடரும் சிகிச்சையில், எந்த மருந்து எந்தத் தேதியில் போனது என்ற டிஸ்சார்ஜ் சுருக்கம்தான் அங்கே முதலில் கேட்கப்படும்.

ஓய்வு கொடுத்தால் டி செல் தேறுமா என்பதில் ஆய்வுகள் சுவாரசியமாக இருக்கின்றன. டாசாட்டினிப் மாத்திரை, கார் ஏற்பியின் சைகையைத் தற்காலிகமாக அணைக்கக்கூடியது. அதைக் கொடுத்துச் சில நாள் ஓய்வில் வைத்த கார்-டி செல்கள், எலிகளில் சோர்வில் இருந்து மீண்டன என்று 2021-ல் வெளியானது. ஒரு கையால் டி செல்லையும் மறு கையால் நோய்ச் செல்லையும் பிடிக்கும் பிலினாடுமொமாப் மருந்தை 28 நாள் தொடர்ச்சியாக ஏற்றி, முதல் சுற்றுகளில் 14 நாள் இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியில் டி செல் திறன் திரும்புகிறது என்பது 2022-ல் தெரிந்தது. மருந்து இல்லாத நாட்களைப் பார்த்து 'சிகிச்சை நின்றுபோச்சே' என்று பதறத் தேவையில்லை.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் லேகியம், கஷாயம், பொடி எதுவும் சோர்ந்த டி செல்லை மீட்டதாக நம்பத்தக்க சான்று இல்லை. சோர்வு என்பது தூண்டல் குறைந்து வருவதல்ல, தூண்டல் மிதமிஞ்சி வருவது. இதைப் படித்தபின் அந்த விளம்பரங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவற்றைச் சாப்பிட்டு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கணக்கு ஏறினால் சிரிப்பு வராது.

குறைந்த அளவு, குறைந்த செலவு

வழக்கமான நிவோலுமாப் அளவு 240 மில்லிகிராம். தலை, கழுத்துப் புற்றில், வாய்வழிக் கீமோ மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்து டாடா நினைவு மருத்துவமனையில் சோதித்தார்கள். ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்தில் இருந்து 43 சதவீதமாகக் கூடினார்கள். ஹாட்ஜ்கினிலும் 40 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் வந்துள்ளன. பிடி-1 ஏற்பிகளை நிரப்பக் கொஞ்சம் மருந்தே போதும் என்பது இதன் அடிப்படை. பணம் போதாதபோது மருத்துவரிடம் இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஹாட்ஜ்கினுக்கு வெளியே, கேட்காத நோயில் குறைந்த அளவும் கேட்காது.

ஊசி போட்டு ஊர் திரும்பிய பின்

தடையை எடுப்பதன் விலை, டி செல் நல்ல உறுப்புகளையும் தாக்குவது. இது ஊசி போட்ட வாரத்திலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம், மருந்து நிறுத்திய பிறகும் வரலாம். தைராய்டு குறைவு, தோல் தடிப்பு, கல்லீரல் அழற்சி, நுரையீரல் அழற்சி, குடல் அழற்சி அதிகம். புதிதாகச் சர்க்கரை நோய், இதயத்தசை அழற்சி அபூர்வம். ஆனால் உயிருக்கு ஆபத்து. கொடையாளி மஜ்ஜை பெற்றவருக்கு, கொடையாளியின் டி செல்கள் உடம்பையே தாக்கும் ஜிவிஎச்டி கிளம்பலாம்.

ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வயிற்றுப்போக்கு என்று குழித்துறையிலோ குளச்சலிலோ பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வழக்கமான மாத்திரை கிடைக்கும். பிடி-1 மருந்து எடுப்பவருக்கு அது குடல் அழற்சியாக இருக்கலாம். அதற்குத் தேவை ஸ்டீராய்டு, சில நேரம் உடனடி அட்மிஷன். கீமோ வாங்குகிறேன் என்று மட்டும் சொன்னால் மருத்துவரின் யோசனை வேறு பக்கம் போகும். மருந்தின் பெயர், கடைசித் தவணை போட்ட தேதி, சிகிச்சை தரும் பிரிவின் போன் எண் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். கார்-டி எடுத்தவருக்கு முதல் மாதத்தில் காய்ச்சலோ பேச்சுக் குழறலோ வந்தால் உள்ளூரில் காத்திருக்கவே கூடாது. அதனால்தான் செல் ஏற்றிய பின் சில வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்கிறார்கள். அந்த வாடகையையும் துணைக்கு இருப்பவரின் சம்பள இழப்பையும் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.